நூலின் எடைக்கு ரேந்தை

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல், பெல்ஜியத்துக்குள் நூல் போக விடுவதற்கு பிரிட்டன் ஒரு நிபந்தனை போட்டது. எவ்வளவு எடை நூல் உள்ளே போகிறதோ அவ்வளவு எடைக்கு அது லேஸாகித் திரும்ப வெளியே வந்துவிட வேண்டும். நடுவில் ஒரு கண்டு நூல்கூட ஜெர்மானியர் கைக்குப் போய்விடக் கூடாது.

வேறு எந்தக் கைத்தொழிலுக்கும் இப்படி நிபந்தனை போட்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன். தையல்காரர் வெட்டினால் துண்டுத்துணி விழும், தச்சர் இழைத்தால் சுருள் விழும். லேஸில் நூலைத் தவிர வேறொன்றும் கிடையாது. கடைசியில் நறுக்கும் நுனிகளை விட்டால் கழிவும் கிடையாது. மீதியெல்லாம் ஓட்டை. தராசில் வைத்தால் உள்ளே போன நூலின் எடையையே அது திரும்பவும் காட்டும். ஒரு பெண் வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்த உழைப்புக்கு எடையே இல்லை.

தமிழில் லேஸுக்கு ரேந்தை என்று ஒரு பழைய பெயர் உண்டு. போர்த்துக்கீசியரின் 'ரெண்டா' கரையேறி நம் வாயில் அப்படி ஆனது. போர்க்காலத்தில் பெல்ஜியத்திலிருந்து வெளியேறிய ரேந்தைகளில் ஒரு தொகுதி இன்று வாஷிங்டனில் இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகம் அவற்றைப் பாதுகாத்து வருகிறது. அவற்றுக்குப் 'போர் லேஸ்' என்றே பெயர். அந்தத் தொகுதியைப் படங்களோடும் விவரங்களோடும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் இன்று பார்க்கலாம். இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமானால், அந்த லேஸ் பிறந்த சூழலிலிருந்து தொடங்க வேண்டும்.

1914 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. சில மாதங்களில், மேற்குக் கோடியில் ஈசர் ஆற்றுக்கு அப்பால் ஒரு சின்ன ஓரத்தைத் தவிர, நாடு முழுவதும் அவர்கள் வசமானது. பெல்ஜியம் தன் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிய நாடு. ஜெர்மனியைப் பட்டினி போட பிரிட்டன் கடலை அடைத்தபோது, இடையில் மாட்டிக்கொண்டவர்கள் 70 லட்சத்துக்கு மேற்பட்ட பெல்ஜியர்கள். சோறு போடும் பொறுப்பை ஜெர்மனி ஏற்கவில்லை. உணவு உள்ளே போனால் எதிரிப் படை தின்றுவிடும் என்று பிரிட்டன் பயந்தது. அந்த இடுக்கில்தான், லண்டனில் இருந்த ஹெர்பர்ட் ஹூவர் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1914 அக்டோபரில் பெல்ஜிய நிவாரண ஆணையத்தைத் தொடங்கினார். பின்னாளில் அமெரிக்க அதிபரானாரே, அவர்தான். அந்த ஆணையம் போர் முடிவதற்குள் பெல்ஜியத்துக்கும் வட பிரான்சுக்கும் 50 லட்சம் டன்னுக்கு மேல் உணவு கொண்டுபோய்ச் சேர்த்தது. கப்பல்கள் ஹாலந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வரும். அங்கிருந்து படகுகளில் கால்வாய் வழியாகச் சரக்கு உள்ளே போகும்.

வயிற்றுக்கு ஒரு வழி பிறந்தது. வேலைக்கு? போருக்கு முன் பெல்ஜியத்தில் சுமார் 50,000 பெண்கள் லேஸ் பின்னிப் பிழைத்தார்கள். ஏற்கெனவே அது வற்றிக்கொண்டிருந்த தொழில். இங்கிலாந்தின் நாட்டிங்காமிலும் பிரான்சின் கலேயிலும் இயந்திரங்கள் லேஸைக் கஜக்கணக்கில் ஓட்டித் தள்ளின. கையால் பின்னியவர்களுக்கு இடைத்தரகர் நூலைக் கொடுத்து, பின்னியதை அவர் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வார். இந்த நிலையைச் சரிசெய்யத்தான் பெல்ஜிய அரசி எலிசபெத்தின் ஆதரவோடு பிரஸ்ஸல்ஸ் பெண்கள் சிலர் போருக்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். போர் வந்ததும் நூல் வரத்து நின்றது, வாங்குபவர்களும் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். அரசியோ ஈசருக்கு அந்தப் பக்கம், போர்முனைக்கு அருகே அரசர் ஆல்பர்ட்டோடு இருந்தார். பிரஸ்ஸல்ஸில் எஞ்சியிருந்த பெண்கள் 'லேஸ் குழு' என்ற பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள். அமெரிக்கத் தூதர் பிராண்ட் விட்லாக்கின் மனைவி எல்லா விட்லாக் குழுவின் கௌரவத் தலைவர். நூல் வாங்குவது, நல்ல ஓவியர்களிடம் புதிய வடிவங்கள் வரைந்து வாங்குவது, ஊர் ஊராக வேலை கொடுப்பது, கூலி கொடுப்பது எல்லாம் குழுவின் பொறுப்பு. ஹூவரின் ஆணையம் கடல் கடந்த பேச்சுவார்த்தையைப் பார்த்துக்கொண்டது. அந்தப் பேச்சில் பிறந்ததுதான் எடைக்கு எடை நிபந்தனை.

நூலுக்குப் போய் இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். பருத்தி அன்று வெடிமருந்துக்கு மூலப்பொருள். 1915 ஆகஸ்டில் பிரிட்டன் பருத்தியை முழுத் தடைப் பொருளாகவே அறிவித்தது. அமெரிக்காவிலிருந்து மாவு வந்த பருத்திச் சாக்குகள்கூட எண்ணிக் கணக்கு வைக்கப்பட்டன. அந்தக் காலிச் சாக்குகளில் பெல்ஜியப் பெண்கள் பூவேலை செய்து நன்றிப் பரிசாகத் திருப்பி அனுப்பினார்கள். அவற்றில் நிறைய இன்று அயோவா மாநிலத்து வெஸ்ட் பிராஞ்சில் உள்ள ஹூவர் நூலகத்தில் இருக்கின்றன. அது தனியாக எழுத வேண்டிய கதை.

சரி, அந்த லேஸில் என்ன பின்னினார்கள்? இங்கேதான் போர் லேஸ் மற்ற லேஸ்களிலிருந்து பிரிகிறது. பூ, கொடி, இலை என்று போய்க்கொண்டிருந்த வடிவங்களுக்கு நடுவே பெல்ஜியச் சிங்கம் எழுந்து நிற்கிறது. பிரான்சின் சேவல் வருகிறது. நேச நாடுகளின் மரபுச் சின்னங்கள், பெல்ஜியத்தின் 9 மாகாணங்களின் சின்னங்கள், ஆட்களின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், ஆண்டுகள், வாசகங்கள் எல்லாம் நூலில் எழுதப்பட்டன. 1915 கோடையில் பிரஸ்ஸல்ஸில் தேசியச் சின்னங்களை அணிவதற்கே ஆக்கிரமிப்பு நிர்வாகம் தடை போட்டது. கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்ற மூவண்ணத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் போக முடியாது. வெள்ளை நூலில் வண்ணம் ஏது? ஆகவே அந்தப் பெண்கள் தங்கள் நாட்டை உருவத்தால் சொன்னார்கள். மேசை விரிப்பு, தலையணை உறை, விசிறி, கைக்குட்டை என்று பிரிட்டனிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் விற்கப்போகும் பொருள்களில், வாங்குபவர் கண்ணில் படும்படி அதைச் சொன்னார்கள். சில லேஸ்கள் ஆணையத்தில் வேலை செய்த அமெரிக்கர்களுக்கு அன்பளிப்பாகவும் போயின. பின்னியதெல்லாம் எங்கோ தூரத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பின்னியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து நடந்தது வருத்தமாக இருக்கும்.

அருங்காட்சியகத்துக்குள் போன லேஸ் இழுப்பறைக்குள் போனது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. நூலுக்கு முதல் எதிரி வெளிச்சம். பழந்துணிகளைக் காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படக் கூடாது என்பது அருங்காட்சியகங்களில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. நம் வீட்டுக் கூடத்து விளக்கைவிட மங்கல். அதுவும் சில மாதங்களுக்குத்தான். வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். ஓய்வு கொடுத்தாலும் திரும்பாது. ஆகவே அமிலம் நீக்கிய தாளுக்கு நடுவே, மடிப்பு விழாமல், இருட்டில் கிடப்பதுதான் லேஸுக்கு நல்லது. உலகத்துக்குக் காட்டப் பின்னிய ஒன்று, அது பிழைத்திருக்க வேண்டும் என்பதாலேயே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உலகத்தின் கண்ணில் படாமல் கிடந்தது.

படம் எடுத்து இணையத்தில் வைப்பது இந்த முடிச்சை அவிழ்க்கிறது. இழுப்பறையைத் தேவையில்லாமல் திறக்க வேண்டாம், லேஸைத் தொட வேண்டாம். ஒருமுறை கவனமாக எடுத்த படம் ஆயிரம் பேருக்குப் போதும். ஆனால் அந்த ஒருமுறை எடுப்பது லேசான வேலையில்லை. வெள்ளை லேஸை வெள்ளைத் தாளில் வைத்தால் ஒன்றும் தெரியாது. அடியில் கருந்துணி வேண்டும். இழுத்து நேராக்கக் கூடாது. வெளிச்சம் நேரே மேலிருந்து விழுந்தால் வடிவம் தெரியும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழுந்தால்தான் நூலின் மேடு பள்ளம் தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோல் இல்லையென்றால் விசிறியும் மேசை விரிப்பும் திரையில் ஒரே அளவாகிவிடும்.

நல்ல படம் கிடைத்தால் என்ன பார்க்கலாம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இரவுகளில் இந்தப் படங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். கைப்பின்னல் லேஸில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று பாபின் லேஸ். வைக்கோல் திணித்த கெட்டியான தலையணை, அதன் மேல் புள்ளி குத்திய அட்டை, புள்ளிகளில் குண்டூசிகள், நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கை செய்வது இரண்டே அசைவு: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. அகலமான வடிவமென்றால் நூற்றுக்கணக்கான குச்சிகள் ஒரே நேரத்தில் தலையணையில் கிடக்கும், அசைவு மட்டும் அதே இரண்டுதான். இன்னொன்று ஊசி லேஸ். அதற்கு ஓர் ஊசி, ஒரு நூல் போதும். தையல்கடையில் காஜா எடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே தையலை அடியில் துணியே இல்லாமல் காற்றில் வரிசை வரிசையாகப் போடுவது.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். இதழின் உள்பகுதி பாவும் ஊடுமாக நெய்த துணிபோலத் தெரிந்தால் பாபின். வளைய வளையமாகக் காஜா வரிசை தெரிந்தால் ஊசி. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரம் பெயர்பெற்றிருந்த வாலன்சியேன் வகையில், வலைக்கண்ணின் ஒவ்வொரு பக்கமும் 4 நூல் சேர்த்துப் பின்னிய ஒரு சின்னச் சடை. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் உள்ள இடத்தில் ஒரு சடை! மெக்கெலன் வகையில் பூவைச் சுற்றிக் கொஞ்சம் தடித்த நூல் கோடுபோல ஓடும். வாலன்சியேனில் அந்தக் கோடு இருக்காது. போர் லேஸில் பல துண்டுகள் கலப்பு: சுற்றிலும் பாபின் வேலை, நடுவில் சிங்கம் மட்டும் ஊசி வேலை. அப்படியானால் அது ஒரு கையின் வேலை இல்லை. ஓர் ஊரில் பூ, இன்னோர் ஊரில் வலை, வேறொருத்தி எல்லாவற்றையும் இணைத்துத் தைப்பது என்று வேலை பிரிந்திருந்தது. எங்கே இணைத்தார்கள் என்று பெரிதாக்கிய படத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடிப் பேழைக்கு முன்னால் ஓர் அடி தள்ளி நிற்கும் பார்வையாளருக்கு இந்த வாய்ப்பு கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் திரை, பேழையைவிட மேல் என்றே சொல்வேன்.

இன்னொரு பயன் பின்னுபவர்களுக்கு. பெல்ஜியத்தில் ப்ரூஷ் நகரத்து லேஸ் மையத்தில் இன்றும் கற்றுக்கொடுக்கிறார்கள்; பல நாடுகளில் ஆர்வலர் குழுக்கள் உண்டு. கைதேர்ந்தவர் ஒரு நல்ல படத்தைப் பார்த்து நூல்களை எண்ணி, அட்டையில் புள்ளிகளை மீட்டுக் குத்தி, அதே வலையை மறுபடி பின்னிப் பார்க்க முடியும். பதிவேட்டில் ஒரு வகைப் பெயர் தவறாக இருந்தால் அதைக் கண்டுபிடித்துச் சொல்பவரும் அவராகத்தான் இருப்பார். லேஸ் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லா அருங்காட்சியகத்திலும் சம்பளத்தில் இருப்பதில்லை. படத்தை வெளியே விட்டால்தான் அவர்கள் கண்ணில் படும்.

வெளியே விடுவது என்பதற்கு உரிமை சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஸ்மித்சோனியன் தன் சேகரிப்புகளிலிருந்து 28 லட்சம் படங்களை, பதிப்புரிமைத் தடை எதுவுமின்றி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதன் பிறகும் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள உரிமைக் குறிப்பைப் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது. பார்க்க விடுவதும் எடுத்துக்கொள்ள விடுவதும் வேறு வேறு. நூல் எண்ணுபவருக்குச் சின்னப் படம் போதாது, முழு அளவுப் படம் கைக்கு வர வேண்டும்.

படத்தோடு வரும் விவரக்குறிப்பிலும் எனக்கு அக்கறை உண்டு. என்ன வகை, எந்த ஆண்டு, என்ன சின்னம், என்ன வாசகம் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் வடிவம் வரைந்த ஓவியரின் பெயரும் கிடைக்கிறது. பின்னியவளின் பெயர் மட்டும் கிடைப்பது அரிது. கொடுத்தவர் பெயர் தெரியும், வாங்கியவர் பெயர் தெரியும், வரைந்தவர் பெயர்கூடத் தெரியும். கண் எரிய எரியப் பின்னியவள் 'பெல்ஜிய லேஸ் தொழிலாளி' என்பதோடு நின்றுவிடுகிறாள். நூலைக் கணக்கு வைத்தவர்கள் கையைக் கணக்கு வைக்கவில்லை. ஆணையத்தில் பணியாற்றிய வெர்னன் கெல்லாக்கின் மனைவி சார்லட் கெல்லாக், பெல்ஜியத்தின் லேஸ் ஊர்களுக்கு நேரில் போய்ப் பார்த்து 1920இல் ஒரு புத்தகம் எழுதினார். பதிவேட்டில் இல்லாத கைகளைப் பற்றி அறிய அப்படிப்பட்ட பதிவுகள்தான் துணை. போருக்குப் பின் நாகரிகம் மாறியது, இயந்திரம் வென்றது, பிழைப்புக்குக் கையால் பின்னும் தொழில் அடுத்த சில பத்தாண்டுகளில் ஒடுங்கிவிட்டது.

இந்தக் கதைக்கும் நம் ஊருக்கும் ஓர் உண்மையான தொடர்பு இருக்கிறது. தென்கோடிக்கு லேஸ் வந்தது முதலில் இங்கிலாந்து வழியாக. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அன்று அந்தப் பகுதி திருவிதாங்கூர். அடிமைகளாக இருந்த பெண்கள் லேஸ் பின்னிச் சம்பாதித்துத் தங்கள் விடுதலையை வாங்கியதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. மார்த்தாவின் மகள் எலிசாதான் கால்டுவெல்லின் மனைவி. அவர் வழியாக லேஸ் இடையன்குடிக்கும் போனது. இது ஒரு கிளை. இன்னொரு கிளை நேரே பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்தது. ஈப்பர் நகரத்து மடத்தைச் சேர்ந்த கன்னியாஸ்திரீ மரி லூயிஸ் டி மீஸ்டர், 1897இல் அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முளகுமூடு வந்து சேர்ந்தார். அங்கே அவர் தொடங்கிய சபையின் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னலும் தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. அவர் விட்டுவந்த ஈப்பர், போரின் நான்கு ஆண்டுகளும் குண்டு விழுந்த நகரம். 1914 நவம்பரில் அதன் பெரிய துணிச்சந்தை மண்டபம் எரிந்தது. போர் முடிந்தபோது ஊர் ஏறத்தாழ முழுவதும் இடிபாடாகக் கிடந்தது. ஈப்பர் இடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் முளகுமூட்டில் பிள்ளைகள் பின்னிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

நம் பக்கத்து ரேந்தைக்கு இப்படி ஒரு பொதுச் சேகரிப்பு இணையத்தில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பழைய மாதிரித் துண்டுகள், புள்ளி குத்திய அட்டைகள், குச்சிகள் எல்லாம் வீடுகளிலும் மடங்களிலும் கிடக்கும். பின்னியவர்களில் சிலரிடம் இப்போதே கேட்டால், வாஷிங்டன் பதிவேட்டில் காலியாக இருக்கும் அந்தக் கட்டத்தை நாம் நிரப்பிவிடலாம்.

என் பெரியம்மா சின்ன வயதில் கான்வென்டில் லேஸ் பின்னக் கற்றவர். போன மாதம் ஊருக்குப் போனபோது, வாஷிங்டன் தொகுதியிலிருந்து சிங்கம் போட்ட ஒரு துண்டைப் போனில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சிங்கத்தைப் பார்க்கவில்லை. விரலால் படத்தை ஓரத்துக்குத் தள்ளி, விளிம்பில் ஓடும் சின்ன வளையங்களைப் பெரிதாக்கினார். அந்த ஒவ்வொரு வளையமும் ஒரு குண்டூசியைச் சுற்றி நூல் திரும்பிய இடம். கொஞ்ச நேரம் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் போனைச் சட்டென்று கவிழ்த்தார். கவிழ்த்த பிறகுதான் அது போன் என்பது நினைவுக்கு வந்தது.

"பொறத்தெக் காட்டு மக்களே" என்றார். "பொறம் பாக்காம கை எப்படின்னு சொல்ல ஒக்காது."

பாபின் லேஸில் பல வகைகளைப் பின்னும்போது, பின்னுபவளின் கண்ணுக்கு நேரே இருப்பது லேஸின் பின்பக்கம்தான். முடிச்சும் இணைப்பும் நூல் மாற்றிய இடமும் அங்கேதான் இருக்கும். நான் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அந்தத் துண்டுக்கு முன்பக்கப் படம் ஒன்று மட்டும்தான் இருந்தது.